இரண்டு மனை, ஒரு காபி

போன பருவத்தில் எங்கள் கல்லூரியின் திரைப்பட வட்டத்தில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைத் திரையிட்டோம். 1988இல் வந்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கும். பிள்ளைகளுக்கும் அடைக்கும் என்று நம்பித்தான் போட்டேன்.

சுதா வேலைக்குப் போகிற பெண். தாத்தாவோடும் தங்கையோடும் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வாடகைக்கு வேறு வீடு தேடி அலைந்து சலித்த பிறகு, அலுவலகத்தில் ஒருவர் சொந்த வீடு கட்டும் யோசனையைத் தருகிறார். வளசரவாக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று மற்றதில் கட்டலாம். இந்த இடம் வந்ததும் பின்வரிசையில் ஒரு மாணவி சிரித்துவிட்டாள்.

“மேம், ரெண்டு மனையா? வளசரவாக்கத்துலயா? அப்புறம் அவங்களுக்கு என்ன மேம் கஷ்டம்?”

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்கு முதலில் கோபம். தாத்தா பாதி கட்டிய வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்க்கும் காட்சியில் அழவேண்டிய பிள்ளைகள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று. பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு? கீழ் நடுத்தர வர்க்கத்துக் குடும்பம் ஒன்று நகரத்தின் ஓரத்தில் இரண்டு மனை வைத்திருக்க முடிந்த காலத்தின் படம் அது. அன்றைக்கு வளசரவாக்கம் சென்னை மாநகராட்சிக்குள்ளேயே இல்லை, 2011இல்தான் சேர்த்தார்கள். இன்று அதே வேலையில், அதே நிலையில் இருக்கும் ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்தால் படம் பத்தாவது நிமிடத்தில் முடிந்துவிடும். விற்பதற்கு ஒன்றும் இல்லையே!

நானும் நண்பர்களும் இத்தனை வருடமாக ‘வீடு’ படத்தை அதிகார வர்க்கத்தின் ஊழலைச் சொல்லும் படமாகவே வாசித்து வந்திருக்கிறோம். லஞ்சம் கேட்கும் அலுவலகம், சிமெண்டைத் திருடும் காண்டிராக்டர், கடைசியில் இந்த நிலத்தைத் தான் எப்போதோ கையகப்படுத்திவிட்டதாகச் சொல்லும் குடிநீர்த் துறை. எல்லாம் சரிதான். ஆனால் இப்போது எனக்கு அது ஒரு பெண்ணின் வரவு செலவுக் கணக்காகத் தெரிகிறது. வரவுப் பக்கத்தில் மனை, நகை, கடன். செலவுப் பக்கத்தில் செங்கல், சிமெண்ட், லஞ்சம். அதோடு ரூபாயில் எழுத முடியாத சில செலவுகள்: கடன் தருவதற்கு ஈடாக அவளையே எதிர்பார்க்கும் மேலதிகாரி, அதைத் தெரிந்துகொண்ட காதலனின் முகம், தாத்தாவின் உயிர்.

கதை அகிலா மகேந்திராவுடையது. அதன் விதை, மட்டக்களப்பில் தன் அம்மா வீடு கட்டிய அனுபவம் என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். வீடு கட்டத் தொடங்கிய பிறகு அம்மாவின் சுபாவமே மாறிப்போனது சிறுவனாக இருந்த அவர் மனதில் தங்கிவிட்டது. இந்தத் தகவலைச் சொல்லும் கட்டுரைகள் எல்லாம் அடுத்த வரியில் ‘கலைஞனின் நினைவாற்றல்’ என்று வியக்கப் போய்விடுகின்றன. நான் அந்த அம்மாவிடமே நின்றுவிடுகிறேன். அவரது சுபாவம் எந்தக் கணக்கு நோட்டில், எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்?

எங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு நோட்டு உண்டு. பொங்கலுக்கு மளிகைக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் டைரியில் அம்மா எழுதியது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கணக்கு கடுகு டப்பாவிலும் முந்தானை முடிச்சிலும் இருந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவர், ஆகவே எழுதினார். 1991ஆம் வருட நோட்டு இன்னும் இருக்கிறது. திருநின்றவூரில் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டிய வருடம் அது. அப்பாவின் சம்பளம் 2,400. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய 60,000 கடனுக்கு மாதத் தவணை 760. சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மீதியில்தான் அரிசி, மண்ணெண்ணெய், பால், பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம்.

அந்த நோட்டின் பக்கங்களைப் புரட்டினால் ஒரு குடும்பம் எப்படிச் சுருங்கியது என்று தேதி வாரியாகத் தெரியும். மார்ச் மாதம் பால் ஒரு லிட்டர் என்றிருப்பது ஜூனில் அரை லிட்டராகிறது. ஞாயிற்றுக்கிழமை வரியில் ‘கறி’ என்ற சொல் காணாமல் போய் ‘முட்டை 4’ என்று வருகிறது. நாங்கள் நான்கு பேர் என்று கணக்குப் போட்டால் தவறு. வீட்டில் அப்போது ஆயாவையும் சேர்த்து ஐந்து பேர். அந்த ஐந்தாவது முட்டை யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

நவம்பர் மாதத்தில் ‘வரவு - நகை - 30,400’ என்று ஒரு வரி. அம்மாவின் 12 பவுன். யாருடைய நகை என்று எழுதவில்லை. வீட்டுப் பத்திரம் அப்பா பெயரில். ஊரில் எல்லோரும் சொல்வது, ‘அவர் ஒத்தை ஆளா சம்பாதிச்சு வீடு கட்டினாரு’. அம்மாவும் அப்படித்தான் சொல்வார்.

இந்தச் சிக்கனம்தான் இப்போது என் மகளுக்கு எதிரான ஆயுதமாகியிருக்கிறது.

அவளுக்கு 27 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலை, கையில் வருவது 38,000. பள்ளிக்கரணையில் தோழியோடு சேர்ந்து இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறாள். வாடகை 22,000, ஆளுக்குப் பாதி. சனிக்கிழமை ஒரு கடையில் 250 ரூபாய்க்குக் காபி குடிப்பாள். அந்தக் காபியின் படத்தை ஒருமுறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் காபி பின்னாலேயே வருகிறது. “நாங்கல்லாம் வாயக் கட்டி வயித்தக் கட்டி வீடு கட்டினோம். இதுங்க குடிக்கிற காபி காசுல நாங்க ஒரு மாசம் குடும்பம் நடத்துவோம்” என்று என் தம்பியே சொன்னான். வாயைக் கட்டியது அவன் இல்லை என்பது வேறு விஷயம். அவனுக்கு முட்டை முழுசாகக் கிடைத்தது.

சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம் என்று ஒரு நாள் நானும் மகளும் உட்கார்ந்தோம். அவள் இருக்கும் பகுதியில் நாங்கள் பார்த்த ஒரு சாதாரண ஃபிளாட் 65 லட்சம். இருபது சதவீதம் கையிலிருந்து போடவேண்டும், அது 13 லட்சம். பத்திரப்பதிவுச் செலவு தனி. மீதி 52 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடக் கடன் என்றால் மாதத் தவணை 45,000 ரூபாயைத் தாண்டுகிறது. அவள் சம்பளம் 38,000. அப்பாவின் தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இவளது தவணை சம்பளத்தைவிட அதிகம். காபியை நிறுத்தினால் வருடத்துக்கு 13,000 மிச்சமாகும். அந்த 13 லட்சம் சேர நூறு வருடம். ஒரு வாரம்கூடத் தவறாமல் குடிக்காமல் இருக்கவேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். ஒன்றிய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 1999-2000இல் இந்திய நகரக் குடும்பச் செலவில் உணவின் பங்கு சுமார் 48 சதவீதம். 2022-23இல் அது சுமார் 39 சதவீதம். இதை வைத்துக்கொண்டு, மக்கள் சோற்றுக்குச் செலவிடுவதைக் குறைத்து வண்டிக்கும் கைபேசிக்கும் பொழுதுபோக்குக்கும் செலவிடுகிறார்கள், வசதி பெருகிவிட்டது என்று எழுதினார்கள். அதே ஆய்வில் நகர்ப்புறத்தில் வாடகையின் பங்கு ஏறத்தாழ ஆறரை சதவீதம்தான். இதைப் படித்து என் மகள் அதிர்ந்துபோனாள். அவளுக்குச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் வாடகைக்கே போகிறது.

சூட்சுமம் ஆய்வின் வரையறையில் இருக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவர்கள் வாடகை கொடுப்பதில்லை, அவர்களையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. வீடு, மனை வாங்கும் செலவும் கடன் வட்டியும் இந்த ஆய்வைப் பொறுத்தவரை நுகர்வே இல்லை. அதாவது மாதம் பிறந்ததும் முதலில் பறிபோகும் வீட்டுக்கடன் தவணை அந்தப் பட்டியலுக்குள் வருவதே இல்லை. பொருளாதார வல்லுநர்களுக்கு அதற்குக் காரணம் உண்டு, சொத்து வேறு செலவு வேறு என்பார்கள். அடுப்படியில் நின்று பார்ப்பவளுக்கு அந்த வேறுபாடு கிடையாது. தவணை போன பிறகு மிச்சமிருப்பதில்தான் அவள் எண்ணெய் வாங்கவேண்டும். பால் லிட்டர் அரையானது ஏன் என்பதற்கு அம்மாவின் நோட்டில் காரணம் இருக்கிறது, ஏனென்றால் அவர் தவணையையும் பாலையும் ஒரே பக்கத்தில் எழுதினார்.

மாணவிகளுக்கு அடுத்ததாக ‘3 பிஎச்கே’ படத்தைப் பார்க்கச் சொன்னேன். 2025இல் ஸ்ரீ கணேஷ் இயக்கத்தில் வந்தது, அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையிலிருந்து எடுத்தது. சரத்குமார் அப்பா, தேவயானி அம்மா, சித்தார்த் மகன், மீதா ரகுநாத் மகள். சொந்த வீடு வாங்கச் சேர்த்துக்கொண்டே போகும் குடும்பம். சேர்க்கச் சேர்க்க விலை எட்டாமல் ஓடுகிறது. படிப்பு, மருத்துவம், கல்யாணம் என்று ஒவ்வொன்றும் சேமிப்பைத் தின்கிறது. நிறைய இடங்களில் உண்மையான படம். கூடத்தில் அதற்குத்தான் பிள்ளைகள் அழுதார்கள். ஒருத்தி படம் முடிந்ததும் வெளியே போய் அப்பாவுக்குப் போன் செய்தாள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனாலும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது. 1988இல் வீடு ஒரு பெண்ணின் பிரச்சினை. காண்டிராக்டரிடம் சண்டை போடுவது, அலுவலகப் படியேறுவது, கடன் கேட்பது எல்லாம் சுதா. கோபி துணைக்கு வருகிறான், அவ்வளவுதான். முப்பத்தேழு வருடம் கழித்து வீடு என்பது அப்பா காணும் கனவாகவும் மகன் நிறைவேற்றவேண்டிய கடனாகவும் ஆகிவிட்டது. மகள் விட்டுக்கொடுக்கிறாள். அவளுடைய கல்யாணம் சேமிப்பைக் கரைக்கும் செலவாக வருகிறது. அந்தக் கல்யாணம் அவளுக்கு நரகமாகி அவள் திரும்பி வரும்போது நமக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவள் எந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள், அந்த வீட்டில் அவளுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்குப் படம் போவதில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலத்தில், வீட்டைத் தன் பெயரில் நினைத்துப் பார்க்கும் பெண் திரையிலிருந்து பின்னுக்குப் போயிருக்கிறாள். அப்பாக்களைப் பற்றிய கண்ணீருக்கு இப்போது நல்ல சந்தை இருக்கிறது போல.

‘வீடு’ படத்தைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குறை படத்தின்மேல் பாதி, அதைப் பார்த்த நம்மேல் பாதி. அதில் பசி சத்யா நடித்த மங்கம்மா என்ற சித்தாள் இருக்கிறார். காண்டிராக்டரின் திருட்டை உடைத்துப் பேசுவது அவர்தான். அவரும் மற்றவர்களும் துணை நிற்பதால்தான் சுவர் மேலே எழும்புகிறது. படத்தைப் பற்றி எழுதியவர்கள் சொக்கலிங்க பாகவதரின் நடையையும் இளையராஜாவின் இசையையும் பக்கம் பக்கமாக எழுதினார்கள், எழுதவேண்டியதுதான். மங்கம்மாவுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். மங்கம்மா சாயந்திரம் எந்த வீட்டுக்குத் திரும்பினார் என்று படமும் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை. ஊரெல்லாம் வீடு கட்டுகிறவருக்குக் கணக்கு நோட்டே கிடையாது, சனிக்கிழமைக் கூலிதான்.

இனி என் கதை. அப்பா 2013இல் இறந்தார். உயில் எழுதவில்லை. அது அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து. சொத்தில் பெண்களுக்குப் பங்கு என்றாலே 1989இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம், 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் என்றுதான் பேசுகிறோம். அவை கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. எங்கள் வீடு போன்ற சுயசம்பாத்தியச் சொத்துக்கு, உயில் இல்லாவிட்டால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு இருக்கிறது. நான் முதுகலைப் பட்டம் வாங்கியவள், பெண்ணுரிமை பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவள். எனக்கு இதெல்லாம் தெரியும்.

தெரிந்துதான் 2014இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அம்மா கேட்டார். “தம்பிக்கு விட்டுக் குடுத்துடும்மா. நாளைக்கு நீ வந்து போவ ஒரு பொறந்த வீடு வேணும் இல்ல?” அம்மாவும் தன் பங்கை எழுதிக் கொடுத்தார். எங்களிடம் கையெழுத்து வாங்கிய பத்திர எழுத்தர், நல்ல குடும்பம் என்று பாராட்டினார். வெளியே வந்து எல்லோரும் டிபன் சாப்பிட்டோம். பில் 340. அதை அம்மா நோட்டில் எழுதினார்.

தம்பி கெட்டவன் இல்லை. அம்மாவை நன்றாகத்தான் வைத்திருக்கிறான். ஆனால் அம்மா தன் 12 பவுனைப் போட்ட வீட்டில் இப்போது ‘மகன் வீட்டில்’ இருக்கிறார். நான் போனால் இரண்டு நாளில் திரும்பிவிடுகிறேன். அந்தக் கையெழுத்தை நான் போடாமல் இருந்திருந்தால், என் மகளுக்குத் தேவையான அந்தப் 13 லட்சத்தில் ஒரு பங்கு அவளுக்கு இருந்திருக்கும். இதை இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறாள்.

2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில், 10 லட்சம் மதிப்புவரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு. நல்ல அறிவிப்பு, ஊர்ப்புறங்களில் பலருக்கு உதவும். பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகிறது என்பதற்காகவாவது மனைவி பெயரில் எழுதுவார்கள். சென்னையில் பத்து லட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று மகள் தேடிப் பார்த்தாள். அவள் தேடலில் வந்தவையெல்லாம் செங்கல்பட்டைத் தாண்டிய மனைகள். பேருந்து இல்லை, தண்ணீர் இல்லை, படத்தில் மட்டும் தென்னை மரம் இருந்தது.

அவளும் தோழியும் சேர்ந்து ஒன்று யோசித்தார்கள். இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டிக் கடன் வாங்கி, சேர்ந்து ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினால் என்ன? ஒரு வங்கிக்குப் போனார்கள். கணவன் மனைவி என்றால் சரி, பெற்றோர் பிள்ளை என்றால் சரி, தோழிகளைச் சேர்த்துக் கடன் தரமாட்டோம் என்றார்கள். அங்கே இருந்தவர் அக்கறையாகவே சொன்னாராம்: “கல்யாணம் ஆனதும் வாங்கம்மா, ரெண்டு சம்பளம் காட்டலாம், ஈசியா கிடைக்கும்.” அப்பா காலத்தில் ஒரு சம்பளத்துக்குக் கிடைத்த வீடு இப்போது இரண்டு சம்பளம் கேட்கிறது; அந்த இரண்டாவது சம்பளத்தைக் கணவனாகத்தான் கொண்டுவரவேண்டும் என்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு, விவாகரத்தானவளுக்கு, என் மகளைப் போல ‘இப்போதைக்கு இல்லை’ என்பவளுக்கு, வீட்டின் விலை மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகம் என்றுதான் இதற்குப் பொருள். அன்று சாயந்திரம் இருவரும் காபி குடித்துவிட்டு வந்தார்கள். அந்தப் படத்தைக் குழுவில் போடவில்லை.

தீபாவளிக்கு அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தபோது மூன்று பேரும் உட்கார்ந்து ‘வீடு’ பார்த்தோம். நீதிமன்றத்தில் சுதாவும் கோபியும் காத்திருப்பதோடு படம் முடிந்துவிடும், அதற்குமேல் கிடையாது. அம்மா பாதியில் தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பொண்ணுக்கு நெலம் திரும்பக் கெடச்சுதா?”

“படத்துல சொல்லலம்மா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாம் அந்தப் பொண்ணு பேர்லதானே நடந்துது, கெடச்சிருக்கும்” என்றார்.